முப்பத்தெட்டாவது தடவை

இங்கிலாந்து
9 ஜனவரி 1979

அன்புள்ள மருதாத்தாளுக்கு,

நான் சுகம். எருத்தேன்பதியில் நீயும் பாப்பாவும் நலந்தானே? அப்பாவின் மூட்டுவலி குறைந்ததா?

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். லித்தியம் பேட்டரிக்குள் கேத்தோடு என்று ஒரு கறுப்புத் தகடு உண்டு. சார்ஜ் ஏற்றி இறக்கும்போதெல்லாம் அது உப்பிச் சுருங்கி, கடைசியில் உதிர்ந்துவிடும். உதிராமல் பிடித்துக்கொள்ளத்தான் மூன்று வருடமாக ஒரு பாலிமர் பசை செய்துகொண்டிருந்தேன். நூறு தடவை தாங்க வேண்டும். போன வாரம் அந்தப் பசை போட்டுச் செய்த ஆறு பேட்டரிகளும் முப்பத்தெட்டாவது தடவையோடு நின்றுவிட்டன. பிரித்துப் பார்த்தால், தகடு கோடையில் நம் வயல் வெடித்த மாதிரி கிடந்தது. பெரிய விஷயமில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான்.

பேராசிரியர் கூப்பிட்டு, "வேறு பாலிமரில் முதலிலிருந்து தொடங்கு. இல்லையென்றால் பட்டமில்லாமல் ஊருக்குப் போ" என்றார். வெளியே வந்து, எங்கே போவதென்று தெரியாமல் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பினேன்.

"ஏனுங்க, மாங்கா பறிக்கறதுக்குள்ள ஊட்டுக்கு வந்துருவீங்களா?" என்று எழுதியிருந்தாய்.

தலைக்குத் தேய்த்துக் குளிக்க அரப்புத்தூள் கொஞ்சம் அனுப்பு. கடிதத்தை நீளமாக எழுது. அன்றைக்கு என்ன சமைத்தாய் என்பதையும் எழுது. பாப்பாவுக்கு இங்கே ஷூ வாங்க வேண்டும். அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. இப்போதைய அளவு வேண்டாம், இரண்டு விரற்கடை கூட்டியே வரை. நான் வரும்போது அவளுக்கு ஏழு முடிந்திருக்கும். இன்னும் இரண்டு வருடம் இருப்பதாக நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். புதிய பாலிமரும் தாங்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அப்பாவிடம் நீயே சொல்லிவிடு.

செங்கோட்டையன்