டோர்ச் பிடித்த வேலை

22 ஜனவரி, வியாழன்

மூத்த மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள். நாற்பது நாளும் சுடுதண்ணீரில்தான் குளிப்பு. இன்று பார்த்து ஹீட்டர் இரைந்ததே தவிர, தண்ணீர் சுடவில்லை. மழையென்று திருத்துபவரும் வரவில்லை. நான் ஹீட்டரை இரண்டு தட்டுத் தட்டினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

இளையவள் மெயின் சுவிட்சை நிறுத்தி, தண்ணீரை வடித்து, உள்ளே இருந்த சூடாக்கும் கம்பியைக் கழற்றினாள். எங்கள் கிணற்று உப்பு அதில் கடல் முருகைக்கல் போலப் படிந்திருந்தது. புளிப்பு வினாகிரியில் ஊறப்போட்டு, உப்பைச் சுரண்டி, மறுபடி பூட்டினாள்.

"வாப்பா, டோர்ச்ச என்ட மொகத்துக்கு அடிக்காம ஹீட்டருக்கு அடிங்க."

"ஓம் மகள்" என்றேன்.

மஃரிப் தொழுகைக்கு முன்பே மூத்தவள் ஆவி பறக்கக் குளித்துவிட்டாள். பள்ளிவாசலில், "நாங்க ரெண்டு பேரும்தான் திருத்தின" என்று சொல்லிவைத்தேன். பொய்யில்லை, டோர்ச் பிடித்தது நான்தானே. அந்த வெளிச்சம் திரும்பத் திரும்ப அவள் முகத்துக்கே போனால் நான் என்ன செய்ய?