பாம்பு பார்க்க இறங்கியவருக்கு

அப்பா, இன்று காலை ஊரின் அபாயச் சங்கு ஊதியது. வருடத்துக்கொரு முறை நடக்கும் ஒத்திகைதான். நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் கருகி மணக்கும்வரை கை அசையவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா கதிரையை விட்டு எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கெல்லர்க் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வீட்டின் நிலவறையை நாங்கள் ஜெர்மன் சொல்லில் கெல்லர் என்போம். நீங்கள் மட்டும் கடைசிவரை, போரில் குண்டுக்குப் பதுங்கிய குழியின் பெயரால், பங்கர் என்றீர்கள்.

இந்த வீட்டை வாங்கியதே அந்தப் பங்கருக்காகத்தான். எரிமலைக்குப் பக்கத்தில் வீடா என்று டுசல்டோர்ஃபிலிருந்து சித்தப்பா ஃபோனில் பதறினார். "உது மலைகூட இல்லை, குளம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். முதல் ஞாயிறு எங்களை லாஹர் ஏரிக்குக் கூட்டிப்போனீர்கள். கரையோரத் தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. அடியில் கிடக்கும் எரிமலை விடும் மூச்சு அது என்று பலகையில் எழுதியிருந்ததை நான் வாசித்துச் சொன்னேன். நீங்கள் குமிழியின் மேல் உள்ளங்கையை வைத்து, "சோடாப் போத்தல்" என்றீர்கள். அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

அது தூங்குகிறதே தவிரச் சாகவில்லை என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். எழும்பினால் சாம்பல் ரைன் நதியையே அடைக்கும், எல்லோரும் ஊரை விட்டுப் போகவேண்டி வரும் என்றார்கள். இரவுச் சாப்பாட்டில் அதைச் சொன்னபோது நீங்கள் புட்டைக் குழைப்பதை நிறுத்தவில்லை. "போறவை போகட்டும். நாங்கள் ஓடி முடிச்ச ஆக்கள். பங்கருக்கை இருப்பம்."

வீட்டை விற்ற மனிதர் திறப்புக் கொத்தைத் தரும்போது கெல்லர்ப் படியின் மேல்தட்டில் ஒரு மெழுகுதிரியும் வைத்துவிட்டுப் போனார். ஏரியில் குமிழியிடும் அதே வாயு இங்கே நிலத்திலிருந்தும் வரும், காற்றை விடக் கனமானது, மணம் இல்லை, நிறம் இல்லை, கிணற்றில் தண்ணீர் போலக் கீழே தேங்கி மூச்சடைக்கும் என்றார். கெல்லர் ஜன்னலை ஒருபோதும் மூடவேண்டாம், திரியைக் கொளுத்திக்கொண்டு இறங்குங்கள், அது அணைந்தால் அடுத்த படி வைக்காதீர்கள் என்றார். மொழிபெயர்த்தது நான். நீங்கள் அவருக்கு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு என்னிடம் தமிழில் கேட்டீர்கள்: "வெளிச்சம் பிடிச்சுக்கொண்டு பங்கருக்கை போறதோ? பொம்மர்காரனுக்கு வழி காட்டவோ?"

உங்களைக் கொல்ல வந்ததெல்லாம் சத்தத்தோடு வந்தது. பொம்மர் விமானம் இரைந்தது, ஷெல் கூவியது. சத்தமில்லாமல் ஒன்று கொல்லும் என்பதை உங்களால் நம்ப முடியவில்லை. "கொல்லுற சாமானுக்குச் சத்தம் இருக்கும், பிள்ளை." எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்.

சங்கு ஊதினால் இறங்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒத்திகை என்று சொன்னாலும் விடமாட்டீர்கள். கீழே அழக்கூடாது, அழுதால் தொடையில் கிள்ளுவீர்கள். ஜெர்மன் பிள்ளைகள் வெளியே சைக்கிள் ஓடும் சத்தம் கேட்கும், நான் இருட்டில் வெங்காயச் சாக்கோடு இருப்பேன். உங்களை அப்போது வெறுத்தேன். ஆனால் எப்போதும் நீங்கள்தான் முதலில் இறங்குவீர்கள், கையில் தடியோடு. போர் நடந்த ஊரில், எனக்கு நினைவு தெரியாத வயதில், உங்கள் பங்கரில் பாம்பு கிடக்குமாம். மூலை மூலையாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "இனி வாங்கோ" என்று கூப்பிடுவீர்கள். அதற்குமுன் ஒருவரும் படியில் கால் வைக்கக்கூடாது.

அத்தனை வருடமும் எங்களைக் காப்பாற்றியது திறந்து கிடந்த அந்தச் சின்ன ஜன்னல். பிறகு ஐரோப்பாவிலேயே போர் வந்து, தொலைக்காட்சியில் சனம் நிலவறைகளில் படுத்துக் கிடப்பதைப் பார்த்தீர்கள். அடுத்த கிழமை ஜன்னலுக்குக் கல் வைத்துப் பூசிவிட்டீர்கள். நான் கத்தினேன். "காத்து வாற வழியாலைதான் ஷெல் துண்டும் வரும்" என்றீர்கள். வாயு வந்தால் கூவும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினேன். நீங்கள் கேட்ட சத்தம் அதில் இருந்தது, அப்பா. அதன் பட்டரியைக் கழற்றித் தொலைக்காட்சி ரிமோட்டுக்குப் போட்டீர்கள். நான் புதிது போடுவேன், நீங்கள் கழற்றுவீர்கள்.

நீங்கள் கடைசியாக இறங்கிய அன்று பின்னேரம் ஊதியது புயல் மழைக்கான எச்சரிக்கை. பள்ளத்துத் தெருக்களுக்குத்தான் ஆபத்து, எங்கள் வீடு மேட்டில். நான் வேலையால் வந்தபோது அம்மா கெல்லரின் மேல்படியில், முழங்காலைத் தடவிக்கொண்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

"அப்பா இன்னும் கூப்பிடேல்லை" என்றார்.

தட்டில் திரி இருந்தது, ஒருநாளும் எரியாத புதுத்திரி. கொளுத்திக்கொண்டு இறங்கினேன். கொஞ்சம் இறங்குவதற்குள் சுடர் சுருங்கி அணைந்தது. ஊதியவர் யாருமில்லை. நான் திரும்பி ஏறி, தீயணைப்புப் படையைக் கூப்பிட்டேன். அவர்கள் வரும்வரை, இறங்கிவிடாதபடி, அம்மாவின் கையைப் பிடித்து வைத்திருந்தேன். எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்றால், உங்கள் செத்தவீட்டில் அந்தக் கை நீலம் பாரித்திருந்தது. "உன்ரை அப்பா கீழை கிடக்கிறார், நீ மெழுகுதிரியைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்" என்றார் அம்மா. அதை அவர் இன்றுவரை திருப்பி எடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

முகமூடி போட்டவர்கள் உங்களைத் தூக்கி வந்தார்கள். தடி கையில் இருந்ததாம். மழைக்கு முன் காற்றின் அழுத்தம் குறைந்தால் நிலத்திலிருந்து வாயு கூடுதலாக வரும் என்று அவர்களில் ஒருவர் எனக்கு விளங்கப்படுத்தினார். நான் மொழிபெயர்க்கவில்லை. கேட்க நீங்கள் இல்லை.

உங்களை முட்டாள் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஆறும். ஏலாது. ஒரு போர் முழுக்க எங்களை உயிரோடு வைத்திருந்த அதே புத்திதான் உங்களை இந்த அமைதியான ஊரில் கொன்றது. எரிமலை வெடிக்கவும் இல்லை, ஏரியில் இப்போதும் ஆட்கள் வள்ளம் விடுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவைக் கொல்லாமல் விட்டதும் உங்கள் அந்தப் பாம்புதான். அதற்காக நன்றி சொல்லவேண்டும். வாய் வருவதில்லை.

கெல்லரைப் பூட்டிய திறப்பு என் கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது. இன்று காலை பூட்டிய கதவை அம்மா தட்டிக்கொண்டு நின்றார். தோளைப் பிடித்துத் திருப்பினேன். சங்கு ஊதினால் இப்போது நாங்கள் மேலே ஏறுகிறோம், கூரைக்குக் கீழுள்ள அறைக்கு.

முதலில் நான் ஏறுகிறேன், உங்கள் தடியோடு. பெட்டிகளுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், மூலை மூலையாகத் தட்டிப் பார்க்கிறேன். இந்த நாட்டு மேல்வீட்டில் பாம்பு இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் தட்டும் சத்தம் கேட்காவிட்டால் அம்மா படியில் கால் வைக்கமாட்டார்.

தட்டி முடிந்ததும் உடனே கூப்பிட்டுவிடுகிறேன், அப்பா. காக்க வைப்பதில்லை.