மயில்கழுத்துக் கலர் பொட்டலம்

உன் லாக்கரை இன்று காலையில் திறந்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வேண்டுமாம். சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாததால் பூட்டை உடைத்தார்கள். உள்ளே ஒரு சீப்பு, ஒரு பொட்டு அட்டை, ஒரு பழைய பிஸ்கட் டப்பா. எல்லாவற்றையும் என் கையில் கொடுத்து, "நீங்கதான அவங்க ஜோடி, வீட்ல சேத்துருங்க" என்றார் சூப்பர்வைசர். அவர் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நாம் இருவரும் பேசாமல் கழித்த கடைசி வருஷம் அவருக்கு எப்படித் தெரியும்?

டப்பாவைத் திறந்தேன். பில் தாளில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். எல்லாவற்றிலும் கல்கண்டு. ஒவ்வொன்றின் மேலும் உன் கோணல் எழுத்தில் ஒரு புடவையின் நிறம்: அரக்கு, மாம்பழ மஞ்சள், வெங்காயக் கலர்.

தி.நகரில் பதினெட்டு வருஷம் ஒரே கடையில், ஒரே பட்டுப் பிரிவில் நின்றோம். முகூர்த்தப் புடவை முடிவானதும் கல்யாண வீட்டார் தாங்கள் கொண்டுவந்த தட்டிலிருந்து மஞ்சள் குங்குமம் கொடுத்து, புடவை எடுத்துப் போட்ட நமக்கும் ஒரு கை கல்கண்டு தருவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. நான் அந்த இடத்திலேயே வாயில் போட்டுக்கொள்வேன். உனக்குச் சர்க்கரை வரும்வரை நீயும் அப்படித்தான்.

கடையில் நடந்த ரத்ததான முகாமுக்குப் பிறகுதான் உன் உடம்பில் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் கிருமி இருப்பது தெரிந்தது. மூத்தவளைப் பெற்றபோது ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார் ராயப்பேட்டை டாக்டர். அடுத்து எடுத்த சோதனையில் சர்க்கரையும். சாப்பாட்டு அறையில் பாதிப் பேர் தங்கள் டப்பாவை நகர்த்திக்கொண்டார்கள். சேர்ந்து சாப்பிட்டால் அது ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உன் டப்பாவிலிருந்தே வத்தக்குழம்பை எடுத்து ஊற்றிக்கொண்டு, நான் அவர்களை ஒரு முறை முறைத்தேன். அந்த விஷயத்தில் நான் பெரிய வீராங்கனை.

ஆனால் உன் சர்க்கரை இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள், ஊசியும் போட்டார்கள். நீ ராத்திரிச் சோற்றை விட்டாய். மந்தைவெளி வீட்டிலிருந்து கிளம்பி கோயில் மாடவீதி நாலையும் சுற்றி நடந்த பிறகுதான் பஸ் ஏறுவாய். அப்படியும் இறங்கவில்லை.

"டாக்டர் இன்னா சொன்னாரு தெரியுமா? இந்தக் கிருமி உள்ள கீற வரைக்கும் இன்சுலின் இருந்தும் உடம்பு அது பேச்சக் கேக்காதாம். கல்லீரல் அது பாட்டுக்கு சக்கரைய உட்டுக்கினே இருக்குமாம்" என்றாய்.

நான் சிரித்தேன். "கல்லீரல் வேற, சக்கரை வேற. வாயக் கட்ட முடியலைன்னு சொல்லு."

எனக்கு உன்மேல் சந்தேகம். யாராவது கல்கண்டு கொடுத்தால் நீ கர்ச்சீப்பில் முடிந்து இடுப்பில் செருகுவதைப் பார்த்திருந்தேன். ஒரு நாள் மயில்கழுத்துக் கலரில் ஒரு புடவை போயிற்று. பெண்ணின் அம்மா உன் கை நிறையக் கொடுத்தாள். நீ செருகினாய். மத்தியானம் சாப்பாட்டு அறையில், இருபது பேர் முன்னால் கத்தினேன்: "திருட்டுத்தனமா தின்னுட்டு கிருமி மேல பழியப் போடுறியே, வெக்கமா இல்ல?"

நீ சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "நான் துன்னலடி" என்றாய். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஜன்னல் ஓர பெஞ்சில் போய் உட்கார்ந்தாய். நானும் கூப்பிடவில்லை. எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வருமே.

அப்புறம் உனக்குக் கிருமிக்கான மாத்திரை மூன்று மாதம் கொடுத்தார்கள். கிருமி போனது. சர்க்கரையும் இறங்க ஆரம்பித்தது, அதே சாப்பாட்டில், அதே நடையில். பஸ் ஸ்டாப்பில் நீயாகவே என்னிடம் வந்து ரிப்போர்ட்டை நீட்டினாய். "பாத்தியாடி, இறங்கிகினு கீது" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் தாளைப் பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். "இப்பவாவது வாயக் கட்டினியே" என்றேன். நீ ரிப்போர்ட்டை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். உன் பஸ் வந்தது. நாம் பேசியது அதுதான் கடைசி.

கிருமி போனாலும் கல்லீரல் அதற்கு முன்பே சுருங்கி இறுகிவிட்டதாம். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசல்வரை ஒரு நாள் வந்தேன். என்ன முகத்தோடு உள்ளே வருவது என்று அப்படியே திரும்பி ஆதம்பாக்கம் வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த வாரம் உன் மகள் போன் செய்தாள்.

மத்தியானம் டப்பாவை எடுத்துக்கொண்டு நம் மேஜைக்குப் போனேன். நான் அங்கே தனியாகத்தான் சாப்பிடுகிறேன். பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அடியில் கிடைத்தது: மயில்கழுத்து. மடிப்புக் கலையவில்லை. கல்கண்டு ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தது. யார் யாரோ வீட்டுக் கல்யாணத்தைத் தூக்கிப் போட உனக்கு மனசு வரவில்லை. தின்னவும் இல்லை. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. நீ சொன்னாய். நான்தான் நம்பவில்லை.

எழுந்து நின்றேன். அன்றைக்குக் கத்திய அதே இடம், அதே சத்தம். "அவ தின்னல! ஒண்ணு கூட தின்னல!" என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நீ போன இந்த மூன்று வருஷத்தில் ஆள் மாறி மாறி, அன்றைக்குக் கேட்ட இருபது பேரில் ஒருவர்கூட இப்போது இந்தக் கடையில் இல்லை. உன் லாக்கரை வாங்கிக்கொண்ட பெண் கையில் கவளத்தோடு கேட்டாள்:

"யாருக்கா அவங்க?"