மஞ்சள் கோடும் என் முதுகும்

ஜூலை 7, திங்கள்

விடியும்போதே தூறல். மாட்டுப் பண்ணைப் பக்கமிருந்து ஈரக் காற்று. மத்திகிரியே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறது. துணி காயாது.

கட்டிலைவிட்டு எழ ஆறு நிமிடம். நேற்று நான்கு. முதலில் ஒருக்களித்து, பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்து.

இந்த வாரம்:
- யாழினி நோட்டுக்கு அட்டை
- தைலம் (பாட்டில் காலி)
- ஆதார் நகல் 2, போட்டோ 4, மெடிக்கலுக்கு
- முதுகைப் பற்றி வாய் திறக்கக் கூடாது

மெடிக்கல் செக்கப் 17, வியாழன். மூன்று வருடம் டிஸ்பாட்ச் கம்ப்யூட்டர் முன்னால் கான்ட்ராக்டில் உட்கார்ந்ததற்கு இப்போதுதான் பெர்மனென்ட் பட்டியலில் பெயர். டாக்டர் 'ஃபிட்' என்று எழுதினால் வேலை உறுதி. இல்லாவிட்டால் செப்டம்பரோடு சரி. எனக்கு முன் இதே சீட்டில் இருந்த சரஸ்வதிக்கு அப்படித்தான் ஆனது.

வீட்டுக்காரர் போச்சம்பள்ளி கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில், ஷூவை மாட்டிக்கொண்டே: "வலி இல்லேல்ல?"

"இல்ல."

தினமும் இதே கேள்வி. இதற்கு இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். அவர் பயம் அவருக்கு.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை. காற்று மட்டும்.

கம்பெனியில் ஃபைவ் எஸ் ஆடிட், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மஞ்சள் டேப் கட்டம். பொருள் கட்டத்தைத் தாண்டினால் சிவப்பு அட்டை, போர்டில் நம் பெயர். என் மேசையில் இடது ஓரம் மானிட்டர் கட்டம். நட்டநடுவில் பெரிய கட்டம், 'பிரிண்டர்' என்று ஸ்டிக்கர். பிரிண்டர் போன தீபாவளிக்கே பேக்கிங்குக்குப் போய்விட்டது. காலிக் கட்டத்தைத் தினமும் ஸ்பிரே அடித்துத் துடைக்கிறேன். ஆடிட்டர் விரலால் தடவிப் பார்த்து "வெரி குட்" என்றார். பெருமையாக இருந்தது. எதற்கென்று தெரியவில்லை.

கேன்டீனில் பேக்கிங் பர்வீன் அக்கா, தட்டைத் தள்ளிவிட்டு, காதோடு: "சரஸ்வதி இன்னா பண்ணிச்சி தெரியுமா? டாக்டரு கேக்கறதுக்கு முன்னாடியே முதுகு நோவுதுன்னு சொல்லிக்கினு நின்னுச்சாம். அப்புறம் எப்படி எடுப்பாங்க? நீ வாயத் தொறந்துடாத கலா."

திறக்க மாட்டேன். ரசம் உப்பு.

ஜூலை 10, வியாழன்

இதுவரை செய்து பார்த்தவை.

வெந்நீர்ப் பை. தூங்கும்வரை சுகம், எழுந்ததும் பழைய கதை.

பெல்ட். சுடிதாருக்கு மேலே புடைத்துக்கொண்டு தெரிகிறது. பீரோவில்.

சின்னத் தலையணை. கம்பெனியில் அதற்குக் கட்டம் கிடையாது. சிவப்பு அட்டை வரும்.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது. யூடியூபில் சொன்னார்கள். காலையில் மூன்று தடவை தண்ணீர் குடிக்கப் போனேன். மேனேஜர், "என்னம்மா, சுகர் ஏதாவது இருக்கா?" என்றார். நிறுத்திவிட்டேன்.

யாழினியை முதுகில் ஏறி மிதிக்கச் சொன்னது. பத்து நிமிடம் சொர்க்கம். மறுநாள் பள்ளியில், "நான் எங்க அம்மாவ மிதிச்சேன் மிஸ்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மிஸ் போன் செய்துவிட்டார்.

ஏழு நாள் இருக்கிறது. வலது இடுப்புக்கு மேலே ஓர் இடம், உள்ளங்கை அளவு. அது மட்டும் ஏழு நாள் சும்மா இருந்தால் போதும்.

ஜூலை 13, ஞாயிறு

பாகலூர் ரோட்டில் ஒரு பிசியோதெரபி. கம்பெனி ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முக்காடு போட்டுக்கொண்டு போனேன். தூறலுக்கு என்று நினைத்துக்கொள்ளட்டும்.

பிசியோ சின்னப் பெண், சேலத்துக்காரி. அழுத்திப் பார்த்தாள், குனியச் சொன்னாள். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு, "ஆபீஸ்ல எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காந்து காட்டுங்க" என்றாள்.

உட்கார்ந்தேன்.

"எங்கக்கா பாக்கறீங்க?"

"சிஸ்டத்த."

"அது ஏன் அந்தப் பக்கம் இருக்குது? எட்டு மணி நேரமும் இடுப்ப முறுக்கிக்கிட்டே இருந்தா நோவாம என்ன பண்ணும்? நேரா எடுத்து வைங்க."

"முடியாது. மஞ்சள் கோடு இருக்கு."

அவள் சிரித்தாள். விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அசிங்கமாக இருந்தது. மூன்று வருடமாக இடது பக்கம் பார்த்துக்கொண்டு, நடுவில் காலி இடத்தைத் துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். தீபாவளி வரை அங்கே பிரிண்டராவது இருந்தது. அதற்குப் பிறகு என்ன சாக்கு?

பயிற்சி மூன்று கொடுத்திருக்கிறாள். மல்லாந்து படுத்து முட்டியை நெஞ்சுக்கு இழுப்பது. பூனை மாதிரி முதுகை வளைப்பது. கால் இரண்டும் தரையில் பதிய உட்கார்வது. திரை கண்ணுக்கு நேர் எதிரே.

ஜூலை 14, திங்கள்

ஏழு மணிக்கு, யாரும் வருமுன், மானிட்டரை நடுக்கட்டத்துக்கு நகர்த்தினேன். திருடுகிற மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு சூப்பர்வைசர். "பிரிண்டர் எடத்துல மானிட்டர வெச்சா எப்படிம்மா?"

"பிரிண்டர் இல்லையே சார்."

"கட்டம் இருக்குதே."

அவரே தூக்கிப் பழைய இடத்தில் வைத்தார். மாற்ற வேண்டுமென்றால் கைஸன் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். வேலையில் எதையாவது திருத்தச் சொல்லி எழுதுகிற படிவம். முதல் வரியே 'தற்போதைய பிரச்சினை'. மெடிக்கலுக்கு மூன்று நாள் முன்னால் என் கையெழுத்தில் 'முதுகு வலி' என்று எழுதிக் கொடுப்பதா? மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு அடுத்த ஷிஃப்ட் மஞ்சுநாத் வந்தார். அத்திப்பள்ளிக் கன்னடக்காரர், பெர்மனென்ட். இதே நாற்காலி, இதே மேசை. உட்காரும்போது கையை வலது இடுப்பில் ஊன்றினார். எத்தனை நாளாக இப்படி ஊன்றுகிறார்? இன்றுதான் கண்ணில் பட்டது.

"உங்களுக்குமா?" என்றேன், மெதுவாக.

சுற்றிலும் பார்த்தார். "சொண்ட நோவு மேடம், இடுப்பு. ரெண்டு வருசம் ஆச்சு. போன செக்கப்ல கேட்டாங்க. இல்லன்னு டிக் போட்டேன்." பிறகு, "யாருக்கும் சொல்பேடி மேடம்."

சொல்ல மாட்டேன் என்றேன்.

ஜூலை 16, புதன்

ஒன்றும் ஓடவில்லை. சாம்பாரில் பருப்பு போட மறந்தேன். பயிற்சி இரண்டு வேளை. குனிந்து கால்விரல் தொடப் பழகினேன், முகம் சுளிக்காமல். கண்ணாடி முன்னால் பன்னிரண்டு தடவை. யாழினி என் பின்னால் நின்று அதே மாதிரி குனிந்தாள், சிரித்துக்கொண்டே.

வீட்டுக்காரர்: "டாக்டர் கேட்டா பட்டுன்னு சொல்லிரணும். யோசிச்சுக்கிட்டு நின்னேன்னு வையி, கண்டுபுடிச்சுருவாங்க."

பயமாக இருக்கிறது. டாக்டரைவிட என் முகத்தைத்தான் நம்ப முடியவில்லை.

ஜூலை 17, வியாழன்

முடிந்தது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ரத்தம், கண், எக்ஸ்ரே. பிறகு படிவம். 'முதுகு வலி: ஆம் / இல்லை.' இல்லை என்பதில் டிக். பட்டென்று. டாக்டர் குனியச் சொன்னார், குனிந்தேன். முகம் சுளிக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"உக்காருங்கம்மா" என்றார், எழுதிக்கொண்டே. உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தார்.

"நேரா உக்காருங்க."

"நேராத்தான் சார் இருக்கேன்."

பேனாவை வைத்துவிட்டார். "டிஸ்பாட்ச் சிஸ்டம் சீட்டா?"

நான் சொல்லவே இல்லை.

"அந்த சீட்ல இருந்து வர்ற மூணாவது ஆள் நீங்க. மூணு பேரும் இப்படித்தான் ஒரு பக்கமாத் திரும்பி உக்காந்தீங்க. மூணு பேரும் இல்லைன்னுதான் டிக் போட்டீங்க."

மூன்று பேர். மஞ்சுநாத், நான், இன்னொருவர் சரஸ்வதியாகத்தான் இருக்க வேண்டும். அவளும் இல்லை என்றுதான் போட்டிருக்கிறாள். சொன்னதால் அவள் வேலை போகவில்லை, வேறு எதற்கோ போயிருக்கிறது. அவள் சொல்லவே இல்லை. நாங்கள்தான் அவளைச் சொல்ல வைத்து, அதை வைத்து ஒருவரையொருவர் பயமுறுத்திக்கொண்டிருந்தோம்.

"ஃபிட்டுன்னே எழுதறேன். ஆனா யாருக்குமே வலி இல்லன்னா அந்த சீட்டப் பத்தி நான் என்னன்னு எழுதறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

படிவத்தைத் திரும்பக் கேட்டேன். 'இல்லை'யை அடித்து, 'ஆம்' போட்டு, பக்கத்தில் கையெழுத்து. என் பெயரே கோணலாக விழுந்தது.

இரவு வீட்டுக்காரர், "நல்லபடியா முடிஞ்சுதா?" "ம்."

ஜூலை 18, வெள்ளி

என்ன செய்து வைத்தேன். பள்ளி, வாடகை, செப்டம்பர். மனசு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

கைஸன் படிவத்தையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். நனைந்த பிறகு முக்காடு எதற்கு. போடுமுன் மஞ்சுநாத் படித்தார், என் பெயருக்குக் கீழே கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 21, திங்கள்

வெயில். இரண்டு வாரத்துக்குப் பிறகு.

பதினொரு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தேன். பெயர் இருக்கிறது. எதிரே, 'நிறுத்திவைப்பு, செப்டம்பரில் மறு பரிசோதனை'. மற்ற எல்லாருக்கும் 'ஃபிட்'. பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பர்வீன் அக்கா கதவுக்கு வெளியே நின்று, "சொன்னேன்ல, கேட்டியா நீ?" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். போகவில்லை.

திரும்பி வந்தால் சூப்பர்வைசர் டேப் சுருளும் அளவுகோலுமாக என் மேசையருகே. டாக்டர் எழுதியது வந்துவிட்டதாம். "உக்காருங்கம்மா. எங்க வெக்கணும், சொல்லுங்க."

பழைய டேப்பை நானே பிய்த்தேன். மானிட்டர் நடுவில், கண்ணுக்கு நேராக. சுற்றிலும் புது மஞ்சள் கோடு ஒட்டினார்.

மூன்று மணிக்கு மஞ்சுநாத் உட்கார்ந்தார். வழக்கம்போல் இடது பக்கம் திரும்பினார், அங்கே ஒன்றும் இல்லை. "எங்கியோ தப்பா இருக்கற மாதிரி இருக்குது மேடம்" என்றார்.

டேப் பசை இன்னும் விரலில். சோப்பு போட்டும் போகவில்லை.

வீட்டுக்காரர் வந்துவிட்டார். வாசலில் ஷூவைக் கழற்றும் சத்தம். பட்டியலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. உள்ளே வராமல் அங்கிருந்தே கேட்டார்.

"வலி இல்லேல்ல?"

"இருக்கு" என்றேன்.