தூளியில் வெங்காயம்

"எம்புள்ள படுத்த துணியில வெங்காயமா?" என்று நேற்றுக் கத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போன அப்புசாமி இன்னும் வீடு திரும்பவில்லை. அவன் மனைவி வசந்தாமணி பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினாள்.

"ஏனுங்க, எங்கம்மாவுக்குக் காய்ச்சலாமுங்க. ஜேடர்பாளையம் போயிட்டு நாளைக்கு வாரேன். களி சட்டியில, மோரு உறியில இருக்குதுங்க. பொட்டிச் சாவி ஓட்டைச் சொம்புக்குள்ள கிடக்குது. சீமெண்ணெய் டின்னைச் சாம்பல்ல தேச்சுக் காயவெச்சு களிக்கான ராயி கொட்டியிருக்கறேன், இனி எலி தொடாது. உங்க கிழிஞ்ச வேட்டியைப் பையாத் தெச்சுப் பருப்பை ஆணியில மாட்டியிருக்கறேன். யுத்தம் முடியற வரைக்கும் புதுசுக்கு எங்க போறது? அதையெல்லாம் பார்த்துச் சிரிச்சீங்க. தூளியில வெங்காயம் போட்டதுக்கு மட்டும் கோவம் வந்துருச்சு."

தாளின் அடியில் கொஞ்சம்தான் இடம் இருந்தது. எழுத்தை நெருக்கிக்கொண்டாள்.

"தை மாசம் புள்ளைய மண்ணுல வெச்சதுல இருந்து தூளி காத்துல தானா ஆடுதுங்க. வெறுந்தூளி ஆடக்கூடாதும்பாங்க. அவுக்க எனக்கு மனசு வரலை. வெங்காயம் வேண்டாம்னா நீங்களே அவுத்துருங்க."

சீட்டைச் சொம்புக்கு அடியில் வைத்துவிட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். தூளி லேசாக அசைந்தது. உள்ளே வந்து இன்னும் இரண்டு கை வெங்காயம் அள்ளிப் போட்டாள்.

தூளி நின்றது.