அவசரத்துக்கு ஓர் எண்

அன்பு மகளுக்கு,

அடுத்த மாதம் நானும் அம்மாவும் பாய்மரப் படகில் ஐந்து நாள் தீவுகளைச் சுற்றப் போகிறோம். கூட்டமில்லாத தீவுகள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று படிவத்தில் ஒரு கட்டம். வழக்கம்போல அவள் என் எண்ணை எழுதினாள், நான் அவள் எண்ணை எழுதினேன். படகுக்காரர் சிரித்துவிட்டார். "படகு கவுந்தா ரெண்டு பேரும்தானே சார் தண்ணியில இருப்பீங்க? கரையில இருக்கறவங்க நம்பரைக் குடுங்க."

உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அம்மா எதையும் பார்க்காமல் உன் எண்ணை மடமடவென்று சொன்னாள்.

கூப்பிட்டே கேட்கலாம். நீ எடுக்காவிட்டால் அவளிடம் என்ன சொல்வது?

உறவு என்ற இடத்தில் மகள் என்றே எழுதியிருக்கிறேன். எண் அதேதானா என்று மட்டும் எழுது.

அப்பா