ஹார்லன் இறங்காத இடம்

செப்டம்பர் 9, செவ்வாய்

என் கணவன் ஹார்லன் மார்ச்சில் இறந்துவிட்டான். அவன் பதிவு செய்து வைத்த பயணம் மட்டும் அப்படியே இருந்தது. ரத்து செய்ய ஒரு போன் போதும். செய்யவில்லை. போகவும் ஆசையில்லை, போகாமலிருக்கவும் ஆசையில்லை.

படுக்கை, அலமாரியோடு வீடு மாதிரி இருக்கும் அவன் கேரவனை ஓட்ட எனக்கு வராது. வெர்னாவைக் கேட்டேன். ஹார்லனின் முதல் மனைவி. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். "வர்றேன். ஆனா அவன் போட்டோவை முன்னாடி மாட்டி வச்சிருந்தா ஏற மாட்டேன்" என்றாள்.

நெப்ராஸ்காவில் மழை தூறிக்கொண்டிருந்தது. கிளம்பினோம்.

செப்டம்பர் 11

கொலராடோ. காற்று. இன்று என்ன சாப்பிட்டேன்? நினைவில்லை.

செப்டம்பர் 12

நியூ மெக்சிகோ. சாக்கோ பள்ளத்தாக்குக்குள் போகும் மண்பாதையில் வண்டி எலும்பு கழலக் குலுங்கியது. அலமாரி திறந்து தட்டுகள் விழுந்து நொறுங்கின. நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"விடு மார்லிஸ். அதெல்லாம் நான் வாங்கினது. இவ்வளவு நாள் நீ வச்சு சாப்பிட்டதே பெரிசு" என்றாள் வெர்னா.

செப்டம்பர் 13

சாக்கோ இடிபாடுகள். பூர்வகுடிகள் எழுப்பிய ஆயிரம் வருடத்துச் சுவர்கள். விரல் தடிமன் கற்களை அடுக்கி அடுக்கி மாடிமாடியாகக் கட்டியிருக்கிறார்கள். கூரை இல்லை. ஓர் அறையின் வாசல் வழியே அடுத்த அறையின் வாசல், அதன் வழியே இன்னொன்று. குனிந்து குனிந்து போனோம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கல். வெயில்.

ஏதாவது பேச வேண்டுமே என்று சொன்னேன்: "ஹார்லன் இந்த இடத்தைப் பார்த்ததே இல்லையாம். சேர்ந்து முதல் தடவையா பார்ப்போம்னு சொல்லிட்டிருந்தான்."

வெர்னா வாசலில் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"அப்படியா சொன்னான்?"

"ஏன்?"

"நாங்க இங்க வந்திருக்கோமே. தொண்ணூத்தி மூணுல."

நான் வண்டிக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இதைப் போய் ஏன் மறைத்தான்? வேறு எதையெல்லாம்— வேண்டாம். தூங்கு.

செப்டம்பர் 14

மதியம் பெருமழை. பாதை சேறாகிவிட்டது. பூங்காக் காவலர் வந்து, "மண்ணு காயற வரைக்கும் யாரும் கிளம்பாதீங்கம்மா" என்று சொல்லிப் போனார்.

ஒரே பெட்டிக்குள் இரண்டு பேர். காலையிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. கடைசியில் வாயைத் திறந்துவிட்டேன். "நீ அதை என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"முழுசா எங்க கேட்ட? பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்ட" என்றாள். "வர்ற வழியில சண்டை. வழி தப்பிட்டோம்னு நான் சொன்னேன், அவன் ஒத்துக்கல. இங்க வந்து சேர்ந்தும் வண்டிய விட்டு இறங்கல. நாள் முழுக்க ரேடியோ கேட்டான். ரேடியோவும் எடுக்கல, வெறும் கரகரன்னு சத்தம். நான் தனியா சுத்திப் பார்த்தேன். அந்தக் குளிர்காலத்துல பிரிஞ்சுட்டோம்."

பிறகு அவளே சொன்னாள்:

"பார்த்ததில்லன்னு அவன் சொன்னது பொய்யில்ல. உன்கூடப் பார்க்கணும்னு நெனச்சிருக்கான். எனக்குத்தான் நேத்து அது சுருக்குன்னுச்சு."

முகத்தைத் திருப்பிக்கொண்டு பீன்ஸ் டின்னைத் திறந்தாள். இறுதிச் சடங்கில் இவள் எங்கே உட்கார்ந்திருந்தாள்? கடைசி வரிசையிலா? யாராவது இவள் கையைப் பிடித்தார்களா? நான் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 15

சேறு காயவில்லை. சீட்டு விளையாடினோம். வெர்னா ஏமாற்றுகிறாள்.

செப்டம்பர் 16

காலையில் மறுபடி போனோம். கடைசி அறைக்குள் நான் மட்டும் நுழைந்தேன். சுவருக்கு மேலே சின்னச் சதுரமாக வானம்.

"மடையா" என்றேன். சத்தமாகத்தான். "நாலடி நடந்திருந்தா பார்த்திருப்பியேடா. ஒரு சண்டைக்காகவா? இப்ப என்னை மட்டும் இங்க கொண்டுவந்து விட்டுட்டு—"

கோபம். சுத்தமான கோபம். எவ்வளவு காலம் ஆயிற்று இப்படி ஏதாவது வந்து. பிறகு புழுதியிலேயே உட்கார்ந்து அழுதேன். மூக்கு ஒழுக, அசிங்கமாக.

வெளியே யாரோ கணவன் மனைவியின் குரல் கேட்டது. வெர்னா அவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க. உள்ள ஆளிருக்கு."

"ஏங்க, இதென்ன கழிப்பறையா?" என்றது ஆண்குரல்.

"அவசரம்னா பக்கத்து ரூமுக்குப் போங்க. இங்க நூத்துக்கணக்குல இருக்கு."

அழுதபடியே சிரித்துவிட்டேன். வெளியே வந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தாள்.

செப்டம்பர் 17

பாதை திறந்துவிட்டது. மற்ற வண்டிகள் போய்விட்டன. நாங்கள் இன்னும் கிளம்பவில்லை. குன்றின் மேல் ஏறினால் கட்டடத்தின் முழு வடிவமும் அரைவட்டமாகத் தெரியும் என்று காவலர் சொன்னார். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். வெர்னா வெளியே நின்று கத்துகிறாள், நான் இன்னும் காலணி போடவில்லையாம்.